வேறு நாட்டுக் குடியுரிமையும் இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பமும்

காரைக்காலில் இணையச் சேவை மையம் நடத்தும் ஒருவர் கேட்டிருப்பது இது: பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி வருபவர்களில் பலருக்கு பிரான்ஸ், பிரிட்டன், சிங்கப்பூர், இலங்கை என ஏதாவது ஒரு நாட்டின் குடியுரிமையும் இருக்கிறது, அல்லது இருக்குமோ என்ற ஐயம் இருக்கிறது. இப்படி இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களின் விண்ணப்பத்தை எப்படிக் கையாள்வது, எதைக் கேட்டு வாங்குவது, எதைத் தொடாமல் திருப்பி அனுப்புவது? குடியுரிமை தொடர்பான கோப்புகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டத்தில் 'இரட்டைக் குடியுரிமை உள்ளவர்' என்றொரு விண்ணப்பதாரர் வகையே கிடையாது. உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் முழு இந்தியக் குடிமகனாக இருக்கலாம். இந்தியக் குடியுரிமை போய்விட்டதைத் தெரிந்தோ தெரியாமலோ பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பவராக இருக்கலாம். அல்லது பிறந்த கணத்திலேயே இரண்டு நாட்டுச் சட்டங்களும் தம்மவர் என்று ஏற்றுக்கொண்ட ஒருவராக, பெரும்பாலும் சிறுவராக, இருக்கலாம். இந்த மூவரில் இவர் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது ஒரே கேள்விதான்: அந்த வேறு நாட்டுக் குடியுரிமை எந்தத் தேதியில், எந்த வழியில் வந்தது? தானாக வந்ததா, கேட்டுப் பெற்றதா? இதற்கு விடை தெரியாமல் படிவத்தைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து.

கேட்டுப் பெற்றது என்றால் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, ஓர் இந்தியக் குடிமகன் தன் விருப்பத்தின் பேரில் இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை அற்றுப்போகிறது. இதற்கு எந்த அலுவலகமும் ஆணை பிறப்பிக்க வேண்டியதில்லை. எந்தக் கடிதமும் வீட்டுக்கு வருவதில்லை. 'நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லையே, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லையே, என் இந்திய பாஸ்போர்ட் இன்னும் நான்கு வருடம் செல்லுமே' என்று வாதாடுபவர்களை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பாஸ்போர்ட் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி அந்தப் புத்தகத்தின் ஆயுளைத்தான் சொல்கிறது. அதை வைத்திருப்பவரின் குடியுரிமைக்கு அது உத்தரவாதம் ஆகாது.

குடியுரிமை பெற்றாரா இல்லையா என்பதில் தகராறு வந்தால் அதைத் தீர்மானிக்க வேண்டியது மத்திய அரசு. அதற்கான சாட்சிய விதிகள் குடியுரிமை விதிகளின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. ஓர் இந்தியக் குடிமகன் வேறு நாட்டு அரசிடமிருந்து பாஸ்போர்ட் பெற்றிருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே அந்நாட்டுக் குடியுரிமையை அவர் விரும்பிப் பெற்றார் என்பதற்கு அதுவே முடிவான சான்று என்று அந்த விதி கூறுகிறது. இது கடுமையான விதிதான். ஆனாலும் 1962-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் 1965-இல், சென்னை போலீஸ் கமிஷனரை எதிர்த்து வந்த ஒரு வழக்கில், பாஸ்போர்ட்டைத் தான் விரும்பிப் பெறவில்லை என்று ஒருவர் வாதிட்டால் அதை நிரூபிக்க அவருக்கு வாய்ப்பளித்து முறையாக விசாரிக்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் உங்களுக்கு இதிலிருந்து தேவைப்படுவது இவ்வளவுதான்: வேறு நாட்டு பாஸ்போர்ட் கையில் இருக்கும் பெரியவருக்கு இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பக் கூடாது. விதிவிலக்கு இருந்தால் அதை வாதாட வேண்டிய இடம் வேறு.

இப்போது படிவத்துக்கு வருவோம். இணைய விண்ணப்பத்தில் குடியுரிமை எவ்வழியில் வந்தது என்று கேட்கும் இடத்தில் பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை (இங்கே நெடுங்காலம் வசித்துப் பெறுவது) ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு வெகுதூரம் தள்ளி, 'இதர விவரங்கள்' பகுதியில், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதுண்டா, வேறு நாட்டு பாஸ்போர்ட் எப்போதாவது வைத்திருந்ததுண்டா என்பது போன்ற கேள்விகள் வரும். விண்ணப்பம் நிரப்பும் மையங்களில் இந்தப் பகுதியை யாரும் வாசிப்பதே இல்லை என்பது எனக்குத் தெரியும். குற்ற வழக்கு உண்டா, முன்பு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதா என்ற கேள்விகளோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வரிசையாகக் கிளிக் செய்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் எடுக்கப் போய்விடுகிறார்கள். ஆனால் இறுதியில் விண்ணப்பதாரர் ஏற்கும் உறுதிமொழி, வேறு எந்த நாட்டின் குடியுரிமையையோ பயண ஆவணத்தையோ விரும்பிப் பெறவில்லை என்றும், இந்தியக் குடியுரிமையை இழக்கவோ ஒப்படைக்கவோ இல்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. 'பயண ஆவணம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். குடியுரிமை எடுக்கவில்லை என்றாலும், வெளிநாட்டில் அகதித் தஞ்சம் கேட்டு அந்நாட்டின் பயணப் புத்தகம் வாங்கியவர்கள் இதில் சிக்குவார்கள். அரசியல் தஞ்சம் கேட்டதுண்டா என்ற கேள்வியும் தனியாக இருக்கிறது.

பெரியவர்கள் கொண்டுவரும் கோப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய இந்திய பாஸ்போர்ட்டைப் புரட்டினால் முதல் சில பக்கங்களில் ஒரு வேலை விசா, அதற்குப் பிறகு நிரந்தர வசிப்புரிமைக்கான ஒட்டுவில்லை, சென்னை விமான நிலையத்தில் உள்ளே வந்து வெளியே போன முத்திரைகள் ஐந்தாறு. பிறகு திடீரென்று பக்கங்கள் வெறுமையாகிவிடும். விசா முடிந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். ஆனால் ஆள் அந்த நாட்டில்தான் இருந்திருக்கிறார், நடுவில் ஊருக்கும் வந்திருக்கிறார். அப்படியானால் எந்தப் புத்தகத்தைக் காட்டி வந்தார்? இந்தக் கேள்வியை பாஸ்போர்ட் சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் நிச்சயம் கேட்பார். வெளிநாட்டிலிருந்து புதுப்பிக்க விண்ணப்பித்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம் தற்போதைய விசாவையோ வசிப்புரிமை அட்டையையோ முதலிலேயே கேட்கும். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

இப்படிப்பட்டவருக்குத் தேவைப்படுவது புதிய பாஸ்போர்ட் அல்ல. பழையதை ஒப்படைத்துப் பெறும் சரண்டர் சர்டிபிகேட். அதை வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலும், இந்தியாவில் இருந்தால் இங்குள்ள உரிய அலுவலகத்திலும் பெறலாம். குடியுரிமை மாறிய பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்திருந்தாலோ, அதை நீண்ட காலம் ஒப்படைக்காமல் வைத்திருந்தாலோ, அதைப் புதுப்பித்திருந்தாலோ அபராதம் உண்டு. அபராதத்துக்குப் பயந்து விஷயத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பின்னால் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏனென்றால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ (Overseas Citizen of India) அட்டை, சொத்துப் பத்திரம், வங்கிக் கணக்கு என்று ஏதோ ஒரு நாளில் அந்தத் தேதியைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும்.

ஓசிஐ பற்றி ஒரு வார்த்தை. 2003-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் தொடங்கி, 2005-இல் விரிவாக்கப்பட்டு, 2006 ஜனவரியில் ஹைதராபாத்தில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் மாநாட்டில் அறிமுகமான இந்தத் திட்டத்தைப் பலரும் இரட்டைக் குடியுரிமை என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அட்டையின் பெயரில் 'குடிமகன்' என்று வருவதும் அதற்கு ஒரு காரணம். உண்மையில் அது ஆயுள் முழுவதும் செல்லும் விசாவும் சில வசதிகளும்தான்; ஓட்டுரிமை இல்லை, அரசுப் பணி இல்லை, இந்திய பாஸ்போர்ட் நிச்சயமாக இல்லை. இந்திய வம்சாவளியினருக்கு இருந்த பழைய பிஐஓ அட்டைத் திட்டம் 2015 ஜனவரியில் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஓசிஐ வைத்திருப்பவர் மீண்டும் இந்தியக் குடிமகனாக விரும்பினால், ஓசிஐ பதிவாகி ஐந்து ஆண்டுகள் கழித்து, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்திருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின் கீழ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்தின் வழியாகப் போவது. அது முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட் பேச்சு.

குழந்தைகளின் விண்ணப்பங்கள்தான் உண்மையில் கடினமானவை. உங்களைப் போன்றவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு 4-ஆவது பிரிவு பொருந்தும். 1992 டிசம்பர் 10-க்கு முன் பிறந்தவர் என்றால் தந்தை இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தேதி முதல் தாய், தந்தை இருவரில் ஒருவர் இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவுசெய்ய வேண்டும், தவறினால் மத்திய அரசின் அனுமதியோடுதான் பதிவுசெய்ய முடியும். அப்படிப் பதிவுசெய்யும்போது குழந்தை வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கவில்லை என்று பெற்றோர் எழுத்தில் உறுதி கூற வேண்டும்.

இந்த விதியை அமெரிக்காவில் பிறந்த ஒரு குழந்தையின் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். பெற்றோர் இருவரும் வேலை விசாவில் இருக்கும் இந்தியர்கள். நியூ ஜெர்சியில் குழந்தை பிறக்கிறது. அந்த மண்ணில் பிறந்ததாலேயே குழந்தை அமெரிக்கக் குடிமகன். யாரும் கேட்டுப் பெறவில்லை. பெற்றோர் இந்தியர்கள் என்பதால், பதிவுசெய்தால் இந்தியக் குடிமகனும் ஆகலாம். ஆக, சட்டப்படி ஒரு குழந்தைக்கு இரண்டு குடியுரிமைகள் இருக்க முடியும். ஆனால் இரண்டு பாஸ்போர்ட் இருக்க முடியாது. பெரும்பாலான பெற்றோர் அமெரிக்க பாஸ்போர்ட்டை வாங்கி, ஊருக்கு வர ஓசிஐ எடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், இந்தியாவுக்கே திரும்பிவிடப் போகிறோம் என்ற எண்ணத்தில், தூதரகத்தில் பதிவுசெய்து இந்திய பாஸ்போர்ட் வாங்குகிறார்கள். இரண்டாவது வழியில் ஒரு முள் இருக்கிறது: அமெரிக்கக் குடிமக்கள் அந்நாட்டுக்குள் வரவும் வெளியேறவும் அமெரிக்க பாஸ்போர்ட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம், அந்நாட்டுக் குடிமகனுக்கு அவர்கள் விசாவும் தர மாட்டார்கள். ஆகவே இந்திய பாஸ்போர்ட்டோடு கிளம்பிவந்த குழந்தை ஒரு விடுமுறைக்கு அங்கே போக நினைத்தால்கூட அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும்; எடுத்தால் இந்தியத் தூதரகத்தில் கொடுத்த உறுதிமொழி பொய்யாகிவிடும். நிரந்தரமாகத் திரும்பும் முடிவில் இருப்பவர்களுக்கு மட்டுமே நான் இந்த வழியைச் சொல்வேன்.

உங்களிடம் வருபவர் பெரும்பாலும் மூன்றாவது நிலையில் இருப்பார். குழந்தைக்கு ஏற்கெனவே அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கும். குடும்பம் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ திரும்பிவந்து குடியேறியிருக்கும். 'அப்பா அம்மா இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது, பிள்ளைக்கு மட்டும் ஏன் தர மாட்டார்கள்' என்று கேட்பார்கள். சிறுவர்களுக்கான அனெக்சர் டி உறுதிமொழியில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்றும் நம்புவார்கள். போதாது. பிறப்பு வெளிநாட்டில், தூதரகப் பதிவு இல்லை என்றால், சட்டத்தின் பார்வையில் அந்தப் பிள்ளை இந்தியக் குடிமகனே அல்ல. இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளை என்ற முறையில் 5-ஆவது பிரிவின் கீழ் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் உரிய விசா அல்லது ஓசிஐயும்தான் அவன் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்.

பதிவுசெய்த பிள்ளைகளுக்கும் ஒரு கெடு உண்டு. 4-ஆவது பிரிவின் வழியாக இந்தியக் குடிமகனாகி, அதே நேரத்தில் வேறு நாட்டுக் குடியுரிமையும் உள்ள ஒருவர், பதினெட்டு வயது நிரம்பிய ஆறு மாதங்களுக்குள் அந்த மற்ற குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். மைனர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது வரைக்கோ, எது முன்போ அதுவரை செல்லும் என்பதால், பதினெட்டு வயதில் புதுப்பிக்க வரும் பிள்ளையிடம் நீங்கள் இதை நினைவூட்ட நல்ல சந்தர்ப்பம் கிடைக்கிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஹூஸ்டன் என்றோ டொரோண்டோ என்றோ இருந்தால், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் இந்த ஆறு மாதக் கெடுவைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்ததால் தன் இந்தியக் குடியுரிமையை இழந்த பிள்ளை, வளர்ந்த பின் திரும்பப் பெற முடியுமா என்று அடிக்கடிக் கேட்கிறார்கள். 8-ஆவது பிரிவில் அப்படி ஒரு வழி இருக்கிறது: பெற்றோர் முறைப்படி குடியுரிமையைத் துறந்திருந்தால், அதனால் குடியுரிமை இழந்த மைனர் பிள்ளை பதினெட்டு வயது நிரம்பி ஓராண்டுக்குள் ஓர் அறிவிப்பின் மூலம் அதை மீட்டுக்கொள்ளலாம். இது யாருக்கெல்லாம் பொருந்தும் என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தம்பதியின் மகன், பெற்றோர் குடியுரிமை மாறியபோது கருவில் இருந்தவர், இந்தியக் குடியுரிமையை மீட்டுத் தரும்படி கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 8-ஆவது பிரிவின் இந்தச் சலுகை பெற்றோர் அறிவிப்புக் கொடுத்துத் துறந்த சந்தர்ப்பத்துக்கு மட்டுமே உரியது, 9-ஆவது பிரிவின்படி தானாகப் போன குடியுரிமைக்கு அது பொருந்தாது என்று தெளிவாக்கியது. ஆகவே இப்படி வரும் இளைஞரிடம் பெற்றோரின் துறப்பு அறிவிப்பு பதிவான ஆவணம் இருக்கிறதா, அதன் தேதி என்ன, குடியுரிமை மாறிய தேதி என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரின் சொந்தச் சிக்கலுக்கு வருகிறேன். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அவகாசம் தரப்பட்டது. சில ஆயிரம் பேர் அப்படி அறிவித்தார்கள். சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சுப் படைவீரர்களின் குடும்பங்கள்) என்று ஊரில் சொல்லப்படுபவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் பெரும்பாலும் இந்த மரபைச் சேர்ந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசி, மாரியம்மன் கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போய், நம்மோடு நம்மாக வாழ்ந்தாலும் சட்டப்படி அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். அவர்களுக்கு இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பம் கிடையாது. இதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

குழப்பம் அடுத்த தலைமுறையில்தான் வருகிறது. பிரெஞ்சுச் சட்டப்படி, தாய் தந்தையரில் ஒருவர் பிரெஞ்சுக்காரராக இருந்தால் குழந்தையும் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமகன். இந்தியச் சட்டப்படி, இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்த யாரும், தூதரக அலுவலர்களின் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அந்தத் தேதி முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்கு பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்ல என்று இருக்க வேண்டும். ஆகவே காரைக்கால் மருத்துவமனையில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பெண் குழந்தை, யாரும் எதையும் கேட்காமலேயே இரண்டு நாட்டுக்கும் உரியவள். தந்தை அவள் பிறப்பை புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் பதிவேட்டில் ஏற்றியிருப்பார். அந்தப் பதிவு ஏற்கெனவே உள்ள உரிமையைக் குறித்துவைப்பதுதான்; அதனாலேயே அவள் புதிதாக ஒரு குடியுரிமையை விரும்பிப் பெற்றாள் என்று சொல்வது கடினம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கினால் கதை வேறு. மூன்றாம் அட்டவணை அங்கே வந்து நிற்கும்.

இங்கே இன்னொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பதினெட்டு வயதுக்குப் பின் ஆறு மாதம் என்ற கெடு 4-ஆவது பிரிவின் வழியாக, அதாவது வம்சாவளியாக, குடியுரிமை பெற்றவர்களுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இந்திய மண்ணில் பிறந்து 3-ஆவது பிரிவின் வழியாகக் குடிமக்களானவர்களுக்கு அந்தக் கெடு சொல்லப்படவில்லை. அவர்களின் இந்தியக் குடியுரிமைக்கு ஆபத்து வருவது வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான். மைனராக இருக்கும்போது பெற்றோர் எடுத்துக்கொடுத்த பாஸ்போர்ட்டை, பிள்ளை 'விரும்பிப் பெற்றது' என்று கொள்ளலாமா என்பது வழக்குக்கு வழக்கு வாதாடப்படும் கேள்வி. அதை உங்கள் மையத்தில் தீர்க்க முயல வேண்டாம், வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுக்காத பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவரின் இந்தியக் குடியுரிமைச் சான்றையும் மற்றவரின் பிரெஞ்சு பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ நகலையும் மறைக்காமல் இணைத்து, ஒரு முகப்புக் கடிதத்தில் உண்மையை நான்கு வரியில் எழுதி விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருவருமே வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால், நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழை நம்பி விண்ணப்பிக்கக் கூடாது. 1987-க்குப் பிறகு பிறந்த இடம் மட்டும் போதாது.

கோவாவில் இதைப் போன்ற ஒரு சிக்கல் இருக்கிறது. போர்ச்சுகீசிய ஆட்சி முடிந்த 1961 டிசம்பருக்கு முன் அங்கே பிறந்தவர்களுக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் போர்ச்சுகல் தன் குடியுரிமையைக் கோரும் உரிமையைத் தருகிறது. லிஸ்பனில் பிறப்பைப் பதிவுசெய்துவிட்டு இந்திய பாஸ்போர்ட்டிலேயே பயணம் செய்துவந்த பலருக்கு, உண்மையை மறைத்தார்கள் என்று பாஸ்போர்ட் ரத்தானது. பாஸ்போர்ட் ரத்தான பிறகு சரண்டர் சர்டிபிகேட் கிடைக்காமல், அதனால் ஓசிஐயும் கிடைக்காமல் அவர்கள் அலைந்ததைப் பார்த்தால், தானாக முன்வந்து ஒப்படைப்பதன் அருமை புரியும்.

இலங்கையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே நிலைமை வேறு. இரட்டைக் குடியுரிமைக்கு இலங்கைச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் தானாக அல்ல. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இலங்கைக் குடியுரிமை முடிவடையும். 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இழந்தவர் மீண்டும் பெறவும், பெறப்போகிறவர் முன்கூட்டியே தக்கவைத்துக்கொள்ளவும் அமைச்சரிடம் விண்ணப்பிக்கலாம். 2011-இல் நிறுத்திவைக்கப்பட்ட இந்த ஏற்பாடு 2015-இல் மீண்டும் தொடங்கியது. ஆகவே லண்டனிலோ டொரோண்டோவிலோ குடியுரிமை எடுத்த யாழ்ப்பாணத்துக்காரர் இலங்கைக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டுமானால், முதலில் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ், அதன் பிறகே பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் துறை அலுவலகத்தில் கடவுச்சீட்டு விண்ணப்பம். வரிசை மாறினால் பொய்த் தகவல் கொடுத்ததாகும். அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இலங்கையின் 2019 அதிபர் தேர்தல் ஒரு சாட்சி: கோட்டாபய ராஜபக்சவுக்கு 2005-இல் வழங்கப்பட்ட இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் தள்ளுபடி செய்த பிறகுதான் அவர் போட்டியிடுவது உறுதியானது. நாடாளுமன்றத்தில் இரட்டைக் குடியுரிமையாளர் அமரக் கூடாது என்ற தடை இலங்கை அரசியலமைப்பின் 19-ஆவது திருத்தத்தில் வந்து, 20-ஆவதில் நீங்கி, 2022-இல் 21-ஆவதில் திரும்பவும் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் கீதா குமாரசிங்க 2017-இல் பதவி இழந்தது சுவிஸ் குடியுரிமையால். டயானா கமகே 2024-இல் இழந்தது பிரிட்டிஷ் குடியுரிமையால்.

இதனால் உங்களுக்கு நேரும் குழப்பம் என்னவென்றால், இலங்கையின் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழைக் காட்டி இந்திய பாஸ்போர்ட்டும் கேட்கலாம் என்று சிலர் நினைப்பது. அந்தச் சான்றிதழ் இலங்கை தன் பங்குக்கு ஆட்சேபிக்கவில்லை என்பதைத்தான் காட்டும். இந்தியச் சட்டத்தை அது கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் முகாம்களில் பிறந்தவர்களின் விஷயத்தையும் இதோடு கலக்கக் கூடாது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் முகாமில் பிறந்திருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன்தான். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் சொன்னதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் அப்படிப்பட்டவர் பெரியவரான பிறகு இலங்கைக் கடவுச்சீட்டு வாங்கியிருந்தால் கேள்வி மீண்டும் 9-ஆவது பிரிவுக்கே திரும்பிவிடும். அதை வாங்கினாரா என்று கேட்காமல் விண்ணப்பம் போட வேண்டாம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் பெறும் உரிமை விண்ணப்பதாரருக்கு பாஸ்போர்ட் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்காக மட்டும் அதைத் தராமல் இருக்கலாம். 11-ஆவது பிரிவில் மேல்முறையீடும் உண்டு. கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவந்து, வேறு முகவரியில் மறுபடியும் புது விண்ணப்பம் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி; முந்தைய விண்ணப்பம் கணினியில் அப்படியே இருக்கும், இரண்டாவதில் அதை மறைத்ததும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, 'இல்லை என்றே போட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது' என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், பொய்த் தகவல் கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. இந்தியக் குடிமகன் அல்லாதவர் தன் குடியுரிமையை மறைத்து விண்ணப்பித்தால், 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஓர் ஆண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறையும், 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே பிரிவு, இக்குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் உடந்தையா இல்லையா என்பது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரு பக்கத்தில் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பிறந்த ஊர், நாடு, தேதி, பெற்றோர் இருவரின் அன்றைய குடியுரிமை, வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா, எந்தத் தேதி முதல், எப்படி, வேறு நாட்டு பாஸ்போர்ட் அல்லது பயண ஆவணம் எப்போதாவது இருந்ததா, பழைய இந்திய பாஸ்போர்ட் இப்போது எங்கே. வாடிக்கையாளர் தன் கையெழுத்திலேயே நிரப்பிக் கையொப்பமிட்டுத் தரட்டும். அதில் எழுதியதற்கு மாறாகப் படிவத்தில் ஒரு கட்டத்தையும் நீங்கள் நிரப்பாதீர்கள். எழுதித் தர மறுப்பவரின் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.